ஜவ்வரிசிக்குள் நிற்கும் பிரெஞ்சுப் பையன்

சாமி,

கல்யாணப் பத்திரிகையின் மாதிரி நேற்றுத் தபாலில் வந்தது. எழுத்துப் பிழை எதுவும் இல்லை, ஓரத்தில் மஞ்சள் மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும் என்று உன் அப்பா சொல்கிறார். பத்திரிகையோடு நீ வைத்திருந்த துண்டுச் சீட்டையும் படித்தேன். மண்டபம், சமையல்காரர், பந்தல் என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் கடைசியில், "இணைச்சீருக்குச் சித்தப்பா மகளையே நிற்கச் சொல்லிவிடுங்கள், அக்காவிடம் போய்க் கெஞ்ச வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய். மற்றதற்கெல்லாம் உன் அப்பா பதில் எழுதுவார். இந்த ஒரு வரிக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப்போகிறேன், உட்கார்ந்து படி. நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணிடமும் இதைக் கொடு, உன் சிநேகிதர்களிடமும் காட்டு. மறைத்துப் படிக்க வேண்டியது இதில் எதுவும் இல்லை, எனக்கும் யாரிடமும் கூச்சமில்லை.

பள்ளிக்கூடம் முடிந்ததும் கோயமுத்தூர், பிறகு மெட்ராஸ் என்று போய்விட்டவன் நீ. இணைச்சீரும் பத்துச் சீரில் ஒரு சீர்தானே, யார் நின்றால் என்ன என்று நினைத்துவிட்டாய். நம் பக்கத்துக் கல்யாணத்தில் பெண் வந்து உன் பக்கத்தில் உட்காருவதற்கு முன்னால் உன் கூடப் பிறந்தவள் வந்து நிற்க வேண்டும். பெண்ணுக்கு எடுத்த கூறைச் சேலையின் ஒரு முனை உன் கையில், மறுமுனை அவள் கையில். சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் சொல்ல வேண்டியதைச் சொல்லுவார். நாளைக்குப் பெண்டாட்டி வந்தாலும் இவள் உனக்கு உண்டு, இவளுக்கு நீ உண்டு என்று ஊர் முன்னால் ஒப்புக்கொள்வதுதான் அது. நம் ஆட்கள் மணவறையில் முதலில் ஜோடியாக நிற்க வைப்பது கூடப் பிறந்தவர்களைத்தான், புருஷன் பெண்டாட்டி ஜோடியெல்லாம் அதற்குப் பிறகு. கூடப் பிறந்தவள் இல்லாதவனுக்குத்தான் சித்தப்பா மகளும் பெரியப்பா மகளும். உனக்குக் குமாரபாளையத்தில் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள்.

அவளுக்கும் உனக்கும் நடுவில் வந்தது சொத்தும் இல்லை, நகையும் இல்லை. ஒரு சாண் உயரமுள்ள பீங்கான் பொம்மை. வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். வரப்போகிற பெண்ணுக்கும் விளங்க வேண்டும் அல்லவா, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். உனக்குத் தெரிந்தது பாதி இருக்கும். தெரியாதது பாதிக்கு மேல் இருக்கும்.

வெண்ணந்தூர்ப் பக்கம் எங்களுக்குச் சேகோ மில். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, தொட்டியில் தெளிய வைத்து, அடியில் தங்குகிற மாவை ஜவ்வரிசியாக உருட்டி, வறுத்து, களத்தில் காயப்போட்டு மூட்டை பிடிக்கிற பிழைப்பு. நாம் விளைவித்து நாம் உருட்டினாலும் அதை அதிகம் தின்கிறவர்கள் கல்கத்தாக்காரர்கள். அதனால் சீசன் தொடங்கும்போது உன் அப்பா தகர டின்களில் மாதிரிச் சரக்கை எடுத்துக்கொண்டு ரயிலேறுவார். எழுபதுகளின் ஆரம்பத்தில் ஒரு வருஷம், நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். உன்னையும் அக்காவையும் சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். அங்கே ஒரு மொத்த வியாபாரி நம் டின்னைத் திறந்து ஒரு கை அள்ளி, மேஜைமேல் கறுப்புத் துணியை விரித்து அதன்மேல் கொட்டினார். கறுப்பின்மேல் வைத்தால்தான் வெள்ளையின் யோக்கியதை தெரியும். மருந்து போட்டு வெளுத்த சரக்கு நீலம் பாய்ந்து செத்த வெள்ளையாக இருக்கும். சுத்தமான சரக்கில் பால் ஏடு மாதிரி ஒரு மஞ்சள் சாயல் தெரியும். இது எனக்கு முன்பே தெரியும் என்றாலும் கறுப்புத் துணி விஷயம் புதிது. அந்தத் துணியில் ஒரு முழம் கிழித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மார்க்கெட் கிடையாது. அப்பா லாட்ஜில் படுத்துத் தூங்கப் பார்த்தார். அவரைக் கிளப்பி இழுத்துக்கொண்டு வீதி வீதியாகச் சுற்றினேன். ஒரு பெரிய கொட்டகைக்குள் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஆற்றுக்கு மேல்கரையில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் ஒன்று உண்டு, அங்கிருந்து காலி செய்துகொண்டு போன வீடுகளின் சாமான்கள் என்று உன் அப்பா அரைகுறை இந்தியில் விசாரித்துச் சொன்னார். கட்டில், கடிகாரம், கண்ணாடி விளக்குகளுக்கு நடுவில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒரு சாண் உயரம். கையில் கூடை. தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, யாரோ கூப்பிட்டதைக் கேட்டவள் மாதிரி நின்றாள். அடியில் இரண்டு எழுத்தை ஒன்றோடொன்று பின்னி நீலத்தில் ஒரு முத்திரை. எனக்கு முத்திரை எல்லாம் அன்றைக்குத் தெரியாது. மடியிலிருந்த கறுப்புத் துணியை எடுத்து விரித்து அவளை அதன்மேல் வைத்தேன். தொட்டியில் அப்போதுதான் தெளிந்த மாவின் வெள்ளை. ஏலக்காரருக்கு என்னைப் பார்த்து ஆச்சரியம். ஊர் பாஷை தெரியாத ஒருத்தி, கண்டாங்கிச் சேலையில் வந்து, கறுப்புத் துணியை விரித்துப் பார்க்கிறாளே என்று பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஏம்புள்ள, இதைக் கொண்டுபோயி என்ன பண்றது? சோறு போடுமா, கறி ஆக்குமா?" என்றார் உன் அப்பா.

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. நம்ம ஊட்டுல நிக்கட்டும்."

வாங்கிவிட்டேன். அவர் வெற்றிலை போடப் போய்விட்டார். ஆனால் ஊருக்குப் பத்திரமாகக் கொண்டு வரும் வழியைக் கண்டுபிடித்தது அவர்தான். மாதிரி டின்னில் மிச்சமிருந்த ஜவ்வரிசிக்குள் அவளைக் கழுத்துவரை புதைத்து, தலைக்கு மேலும் கொட்டி மூடினார். இரண்டு ராத்திரி ரயில், அதற்குப் பிறகு பஸ், கட்டை வண்டி. ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தாள். அதன் பிறகு வந்த அத்தனை பிரெஞ்சுச் சாமானும் அதே மாதிரித்தான் வந்தது. போகும்போது டின்னில் ஜவ்வரிசி, வரும்போது ஜவ்வரிசிக்குள் பீங்கான்.

ஏன் சேர்த்தாய் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. உனக்கும் அந்தக் கேள்வி இருந்திருக்கும், நீ கேட்டதில்லை. எங்கள் பிழைப்பு முழுக்க வெள்ளையோடுதான். ஆனால் அந்த வெள்ளையை நம்ப முடியாது. தொட்டியில் ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தால் புளித்துப்போகும், மழை வந்தால் களத்தில் பூத்துப்போகும். புளிக்காத, பூக்காத வெள்ளை ஒன்று என் வீட்டில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசைக்கு அதற்குமேல் காரணம் வேண்டியதில்லை. நான் சீட்டுக் கட்டியதும் இல்லை, சினிமாவுக்கு அலைந்ததும் இல்லை. என் ஆசையை நான் மதித்தேன், அவ்வளவுதான். நீயும் உன் பெண்டாட்டியின் ஆசை எதுவாக இருந்தாலும், சோறு போடுமா என்று கேட்காதே. கேட்டாலும் உன் அப்பா மாதிரி ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு வெற்றிலை போடப் போய்விடு.

வரப்போகிற பெண்ணுக்குச் சிரிப்பு வரட்டும் என்று இரண்டு கதை சொல்கிறேன். மேல்பூச்சு இல்லாத வெள்ளைப் பீங்கானில் ஒரு சீமாட்டியின் தலை, தோள்வரை செய்தது, நம் அலமாரியில் இருக்கிறதே, அது வந்த வருஷம் ஆயுத பூஜை. உன் அப்பா சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினால் மோட்டார், தராசு, சல்லடை, சைக்கிள் என்று எதையும் விடமாட்டார். போகிற போக்கில் அலமாரியைத் திறந்து பிரெஞ்சுக்காரிக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்துவிட்டார். மேல்பூச்சு இருந்தால் துடைத்தால் போய்விடும். இது மொட்டைப் பீங்கான், குங்குமத்தைக் குடித்துவிட்டது. இன்றைக்கும் அவள் நெற்றியில் ரோஸ் நிறத்தில் பொட்டு இருக்கிறது. "சுமங்கலியா இருந்துட்டுப் போறா, உடு" என்றார். இன்னொரு தடவை, கல்கத்தா போய்த் திரும்பிய ஜவ்வரிசியை வீணாக்கக் கூடாது என்று பாயசம் வைத்தேன். அப்பா வாயில் கடக்கென்று ஒன்று பட்டது. எடுத்துப் பார்த்தால் அந்த டின்னில் வந்த மெழுகுவர்த்தித் தண்டில் இருந்து உதிர்ந்த பீங்கான் பூவின் இதழ். பல் தப்பியது, இதழும் தப்பியது. அன்றிலிருந்து டின்னில் வந்த ஜவ்வரிசியைச் சலித்துப் பார்க்காமல் அடுப்பில் ஏற்றுவதில்லை என்று வீட்டில் சட்டம் போட்டேன். இந்தச் சட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேலை இருக்கிறது.

பெண் பொம்மை வந்து சில வருஷம் கழித்துத்தான் பையன் வந்தான். அதே கல்கத்தா, வேறு கடை. தொப்பி போட்ட பையன், ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு, சுண்டுவிரலைத் தூக்கியபடி. அடியில் அதே பின்னிய எழுத்து. கறுப்புத் துணியில் வைத்தேன். நீலம் பாய்ந்த வெள்ளை. பெண் நிற்கிற வெள்ளைக்கும் இவன் நிற்கிற வெள்ளைக்கும் நடுவில், நம் மில் சரக்குக்கும் மருந்து போட்ட சரக்குக்கும் உள்ள தூரம். இவன் பிற்காலத்தில் யாரோ பார்த்துச் செய்த நகல், முத்திரையும் கள்ள முத்திரை. அந்த இடத்திலேயே உன் அப்பாவிடம் சொன்னேன்.

"இது அதோட ஜோடி இல்லீங்க. இவன் பொறந்ததே வேற ஊடு."

"அப்பறம் எதுக்குப் புள்ள அதையத் தூக்கிக் கையில வெச்சிருக்கற?"

"கை நீட்டறானுங்க. அங்க ஒருத்தி தலையத் திருப்பிக்கிட்டு நிக்கறா."

ஏமாந்து வாங்கவில்லை, சாமி. தெரிந்து வாங்கினேன். கடைக்காரரிடம் நகலுக்கு உண்டான விலையைப் பேசித்தான் வாங்கினேன். அவர் முதலில் முறைத்தார், கறுப்புத் துணியைக் காட்டியதும் விலையை இறக்கினார். வீட்டுக்குக் கொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தேன். அவன் நீட்டிய கை அவள் கூடைக்கு நேராக வந்தது. வந்தவர்கள் எல்லாரும் "புருஷன் பெண்டாட்டியா?" என்றார்கள். உன் அக்கா அப்போது பாவாடை சட்டைக்காரி. அவள் மட்டும், "இல்லீங்கம்மா. அக்காவும் தம்பியும். கூடைக்குள்ள என்ன திங்கிறதுக்கு வெச்சிருக்கறேன்னு தம்பி கேக்கறான்" என்றாள். அன்றிலிருந்து நம் வீட்டில் அவர்களுக்கு அக்கா, தம்பி என்றே பெயர். உனக்கு அது மறந்துவிட்டது. மெட்ராஸ் கடைக்காரர் காதல் ஜோடி என்று சொன்னதும் நீயும் காதல் ஜோடி என்கிறாய்.

இனி உனக்குத் தெரியாத விஷயத்துக்கு வருகிறேன். நீ மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தாய். பரீட்சை லீவு. மில்லில் சரக்குக் காய்ந்துகொண்டிருந்தது. நீ அலமாரியைத் திறந்து தம்பியைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போனாய். ஜவ்வரிசியில் ரோடு போட்டு, அவனைக் கண்டக்டராக நிற்க வைத்துப் பஸ் விட்டுக்கொண்டிருந்தாய். விழுந்தான், சுண்டுவிரல் போய்விட்டது. அவனை அங்கேயே போட்டுவிட்டுக் கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாய். சாயங்காலம் பசி தாங்காமல் வந்து பார்த்தால் அலமாரியில் அவன் விரலோடு நிற்கிறான். உடைந்ததாக நினைத்தது கனவு என்று நினைத்தாயோ என்னவோ, அதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. நாங்களும் விடவில்லை.

நடுவில் நடந்தது இதுதான். உன் அக்கா களத்தில் அவனைப் பார்த்தாள், விரல் இல்லாததையும் பார்த்தாள். வெள்ளைக் களத்தில், வெள்ளை ஜவ்வரிசிக்குள், ஒரு மணி அளவு வெள்ளைத் துண்டு. வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். அவள் நான் போட்ட சட்டப்படி சல்லடையை எடுத்துக்கொண்டு வந்தாள். சல்லடைக்கும் அகப்படவில்லை, விரலும் ஜவ்வரிசி அளவுதானே. என்னிடம் வந்து, "அம்மா, அந்தக் கறுப்புத் துணியக் குடுங்க" என்றாள். என்ன என்று கேட்கவில்லை, கொடுத்தேன். அந்த வெயிலில் ஒவ்வொரு கையாக அள்ளித் துணியில் பரப்பி, பார்த்து, தள்ளி, மறுபடி அள்ளி. களத்தில் வேலை செய்த பெண்கள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் போகவில்லை. நான் ஆபீஸ் ரூம் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் போய் உதவி செய்யலாம் என்று தோன்றியது, போகவில்லை. அது அவளுடைய வேலை மாதிரி இருந்தது. கடைசியில் நீலம் பாய்ந்த அந்தத் துண்டை எடுத்துவிட்டாள். எனக்கு வருஷக்கணக்கில் பிடிபட்ட வெள்ளை அவளுக்கு ஒரே மத்தியானத்தில் பிடிபட்டது. முகமெல்லாம் கறுத்து, உதடு காய்ந்து வந்து நின்றாள். பசை வைத்து ஒட்டியது உன் அப்பா.

"தம்பிகிட்டச் சொல்லாதீங்கம்மா. பயந்துக்குவான்" என்றாள். இன்று வரை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் நீ இப்போது பயப்பட வேண்டும்.

அவள் கல்யாணத்துக்கு நகை, பாத்திரம் எல்லாம் எடுத்து வைத்த பிறகு, அலமாரியைத் திறந்துவிட்டு, "உனக்கு எது வேணுமோ எடுத்துக்க, அம்முணி" என்றேன். பொன் பூச்சுப் போட்ட பூச்சாடி இருந்தது, விசிறி வைத்த சீமாட்டி இருந்தாள், அசல் பிரெஞ்சு வெள்ளையில் அக்கா நின்றாள். எது அசல், எது நகல் என்று அவளுக்கு என்னைப் போலவே தெரியும். அவள் தம்பியை எடுத்துக்கொண்டாள். நகலை, ஒட்டுப் போட்டதை. டின்னில் ஜவ்வரிசி போட்டு அவனைப் புதைத்து மடியில் வைத்துக்கொண்டே காரில் குமாரபாளையம் போனாள்.

போன தைப் பொங்கலுக்கு நீயும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். உன் மச்சான் வீட்டில் விசைத்தறி ஓடுவது உனக்குத் தெரியும். தறிக் கொட்டகைக்கும் கூடத்துக்கும் ஒரே சுவர். தறி ஓட ஆரம்பித்தால் சுவர் அதிரும், அலமாரி அதிரும், மேலே வைத்த சாமானெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விளிம்புக்கு வரும். அதனால் அவள் ஒரு பித்தளைப் போசியில் ஜவ்வரிசி கொட்டி, அதற்குள் தம்பியைக் கணுக்கால் வரை இறக்கி நிற்க வைத்திருந்தாள். நான் அதைப் பார்த்ததும் அசந்துபோனேன். தறியின் அதிர்வை எல்லாம் ஜவ்வரிசி வாங்கிக்கொண்டது, அவன் அசையாமல் நின்றான். ஜவ்வரிசி பழுப்பாகாமல் அவ்வப்போது மாற்றவும் செய்கிறாள். நான் பாராட்ட வாயைத் திறப்பதற்குள் நீ திறந்துவிட்டாய்.

"என்னக்கா இது, பொம்மையக் கொண்டாந்து நாத்து நட்டு வெச்சிருக்கற?"

அவள் மாமியார் சிரித்தார், நாத்தனார் சிரித்தாள். சிரிப்பு கிடைத்ததும் உனக்கு வேகம் வந்துவிட்டது. மெட்ராசில் பழைய சாமான் கடைக்காரரிடம் இரண்டின் போட்டோவையும் காட்டினாயாம். ஜோடியாக இருந்தால் பெரிய மதிப்பு, பிரித்தால் ஒன்றுக்கும் ஆகாது என்றாராம். கறுப்பு வெள்ளைப் போட்டோவில் வெள்ளையைப் பார்த்தவர் அவர். "இதோட மதிப்பு உனக்கு எங்க தெரியப்போவுது? இங்க தறி ஆட்டத்துல என்னைக்கோ ஒரு நாளு உழுந்து ஒடையும். நம்ம ஊட்டுக்கே குடுத்துரு அக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாய். அவள் புகுந்த வீட்டில், அவள் ஆட்கள் முன்னால், நம்ம ஊடு என்று சொன்னாய் பார், அதில் அவள் இல்லை. அவள் உனக்குக் காப்பியில் சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டாள். அங்கே வைத்து உன்னை ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு இன்னும் தலைகுனிவு என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரமே உன் மச்சான் தம்பியை வைத்த டின்னைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். உன் நாள் குறித்ததும் நானும் அப்பாவும் சொல்லப் போனோம். கல்யாணத்துக்கு வருவதாகச் சொன்னாள். இணைச்சீர்ப் பேச்சு வந்ததும், "சித்தப்பா ஊட்டுப் பொண்ணு இருக்குதல்லம்மா, அவள நிக்கச் சொல்லுங்க" என்றாள். ஏன் என்று உன் அப்பா அதட்டினார். "ஜோடி சேராததப் பக்கத்துல நிக்க வெச்சா மதிப்புக் கொறைஞ்சு போயிருமுங்கப்பா" என்றாள். அவளுக்குக் கண் கலங்கவில்லை. எனக்குத்தான் கலங்கியது.

இப்போது கணக்கைப் பார். நீ கேட்டு வாங்கியது அசலின் ஜோடி அல்ல. இரண்டில் மட்டமானது, கள்ள முத்திரை, அதிலும் விரல் ஒட்டியது. உண்மையில் விலையுள்ள அந்த அசல் பெண் பொம்மையை அவள் முன்பே உனக்கு விட்டுவிட்டுப் போயிருந்தாள். பழஞ்சாமான் சேர்க்கிற ஆசை உனக்கும் வந்திருக்கிறது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். என் கண்ணாடி அலமாரி உனக்குத்தான் வரப்போகிறது. ஆனால் முத்திரையைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் வெள்ளையைப் பார்க்கக் கற்றுக்கொள். கடைக்காரர் சொன்ன மதிப்பைக் கேட்டுக்கொள், அதைக் கொண்டுபோய் வீட்டுக்குள் விரிக்காதே. ஜோடியாகவே பிறந்தது என்று உலகத்தில் ரொம்பக் கொஞ்சம்தான். நானும் உன் அப்பாவும் கல்யாணத்தன்றைக்கு ஒருவரை ஒருவர் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. பக்கத்தில் நின்று நின்றுதான் அவர் கை எங்கே நீட்டுகிறது என்று எனக்கும், நான் தலையை எந்தப் பக்கம் திருப்புவேன் என்று அவருக்கும் தெரிந்தது. வரப்போகிற பெண்ணே, நீயும் இவனிடம் முதல் வருஷமே எல்லாவற்றையும் எதிர்பார்க்காதே. நல்ல பிள்ளைதான். கொஞ்சம் வாய்த்துடுக்கு, அது எங்கள் வீட்டுச் சரக்கு.

நீ செய்ய வேண்டியது இது. வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலேறு. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு டின்னை எடுத்துக்கொள். அது வந்த நாளிலிருந்து நான் திறக்கவில்லை, நீயும் இங்கே திறக்காதே. திருச்செங்கோட்டில் பஸ் மாறிக் குமாரபாளையம் போ. டின்னை மடியில் வைத்துக்கொள், மேலே சாமான் தட்டில் போடாதே. அவள் மாமியார், நாத்தனார் எல்லாரும் இருக்கும்போது போ. சிரித்தது அவர்கள் முன்னால்தானே. அந்தப் பித்தளைப் போசியைக் கேட்டு வாங்கி, உன் கையால் ஜவ்வரிசி கொட்டி, உன் கையால் அவனை அதற்குள் நிற்க வை. சுண்டுவிரலைப் பார். ஒட்டுத் தெரியும். பிறகு என்ன பேசுவது என்று நான் சொல்லித்தரப்போவதில்லை. உனக்கே வரும். வராவிட்டால் காப்பியைக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திரு, அவள் உன்னை அப்படி ரொம்ப நேரம் விட்டுவைக்க மாட்டாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அவள் கல்யாணத்துக்கு அலமாரியைத் திறந்துவிட்டேன் என்றேனே, அன்றைக்கு அவள் தம்பியை எடுத்ததும் நான் கேட்டேன், "ஏம் அம்முணி, இவன் நகல்னு உனக்குத் தெரியுமல்ல? அக்காள எடுத்துக்கலாமல்ல?" என்று. அவள் அவனை டின்னுக்குள் இறக்கிக்கொண்டே, "தம்பிக்கு அக்கா வேணுமல்லங்கம்மா. அவ ஊட்டுலயே நிக்கட்டும். எனக்கு இவன் போதும்" என்றாள். அதற்குப் பிறகு நீ எத்தனையோ தடவை அந்த அலமாரியைத் திறந்திருக்கிறாய். உனக்கென்று அவள் விட்டுப்போன அக்கா மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தாள். உனக்கு அது ஜோடி உடைந்ததாகப் பட்டது.

இன்று காலையில் அருமைக்காரர் வந்திருந்தார். சீர்ச் சாமான்கள் பற்றிப் பேசிவிட்டுப் போகும்போது, "இணைச்சீருக்கு யாருங்க நிக்கறாங்க?" என்று கேட்டார். உன் அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"எம் பொண்ணு இருக்கறாளுங்களே, வேற யாரு?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் சொன்ன சொல் தவறியதில்லை என்று அவருக்குத் தெரியும். இதையும் தவறவிடாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு.

அம்மா